நாலாயிரம் பக்கத்துக்கு ஒரே தலை

கிட்ட வந்து உட்காருங்க. டிபன் பாக்ஸையும் தூக்கிட்டே வாங்க. தூரத்துல இருந்தா பாதிதான் கேக்கும். பாதி கேட்டவங்கதான் வெளிய போயி இந்த மாசானமுத்து புளுகுதான்னு சொல்லுதாங்க. முழுசாக் கேட்டவங்க யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல. அவங்களுக்குச் சொல்லத் தெம்பு இருக்காது.

ஜெனிபா, நீ எனக்கு எதுத்தாப்புல உட்காரு தாயி. இந்த ஆபீஸ்ல புரோகிராம் எழுதுற பிள்ளை நீ. தப்புச் சொன்னா பிடிக்க ஆளு வேணும்லா. நயினாரே, நீரு கீழ ஜெராக்ஸ் கடையை நெனைச்சுக் கவலைப்படாதேயும். சாப்பாட்டு நேரத்துல எவன் வாரான் உம்ம கடைக்கு.

நான் யாருன்னு புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிருதேன். இந்தப் பாளையங்கோட்டையில எந்த ஆபீஸ்ல யூபிஎஸ் பேட்டரி இருக்கோ, அங்கெல்லாம் போயி அதுக்குத் தண்ணி ஊத்துறவன் நான்தான். படிச்சது அஞ்சாங்கிளாஸ். அதுலயும் பாதி நாள் மழை லீவு. ஆனா இந்தக் காது இருக்கு பாருங்க, இதுக்கு லீவே கெடையாது. இருவது வருசமா கம்ப்யூட்டர்காரங்க பேசுறதை மூலையில குத்தவச்சுக் கேட்டுட்டே இருக்கேன். இப்ப கீபோர்டு சத்தத்தை வச்சே என்ன எழுத்துன்னு சொல்லிருவேன். நம்பலையா? ஜெனிபா, அந்தால திரும்பி ஏதாவது ஒரு எழுத்து அடி. அடிச்சாச்சா? அடிச்சுட்டு உடனே அழிச்சுட்ட. சரியா? என்னது, அழிக்கலையா? இனிமே அழிப்ப. ஒத்தை எழுத்தை வச்சுட்டு என்ன செய்யப் போற. எனக்கு அது முன்னாலயே கேட்டுட்டு.

சரி, விசயத்துக்கு வாரேன்.

அஞ்சு வருசம் முந்தி. இதே மாடி, இதே ஆபீஸ், முதலாளியும் இதே இசக்கியப்பன் சார்தான். இன்னைக்குன்னு பாத்து மதுரைக்குப் போயிட்டாரு, இல்லைன்னா அவரே சாட்சி சொல்லிருவாரு. அப்ப மொத்தம் அஞ்சு பேரு இங்க வேலை பாத்தாங்க. அஞ்சு பேருக்கும் சோறு போட்டது ஒரே ஒரு கடை. சிவனணைஞ்சபெருமாள் அண்ணாச்சியோட பாத்திரக் கடை. அந்தக் கடைக்கு நெட்ல நாலாயிரம் பக்கம்.

ஒரு பாத்திரக் கடைக்கு நாலாயிரம் பக்கம் எதுக்குன்னு நயினார் கேக்காரு. வே, தூக்குவாளிக்கு ஒரு பக்கம், தூக்குவாளி மூடிக்கு ஒரு பக்கம், மூடிக்கு மேல இருக்க குமிழுக்கு ஒரு பக்கம். அண்ணாச்சி எதையும் கொறைச்சுச் செய்ய மாட்டாரு.

ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல ஒரு தலை உண்டு. கடைப் பேரு, போன் நம்பரு, குத்துவிளக்குப் படம் எல்லாம் அதுல இருக்கும். கீழ ஒரு கால், அதுல அட்ரஸு. ஓரத்துல சாமான் பட்டியல். அதுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பட்டை, அதுல இன்னைக்கு நல்ல நேரம் என்ன, ராகு காலம் என்னன்னு போட்டிருக்கும். இந்தத் தலை, கால், பட்டியல், பட்டை அத்தனையையும் நாலாயிரம் பக்கத்துலயும் தனித்தனியா காப்பி எடுத்து ஒட்டி வச்சிருந்தாங்க படிச்ச பிள்ளைங்க. ஒரு போன் நம்பரு மாறுனா நாலாயிரம் எடத்துல மாத்தணும். அந்தக் கடைக்கு நம்பர் மாறி மூணு வருசம் ஆயிட்டு. அகப்பைப் பக்கத்துல இன்னும் பழைய நம்பர்தான். அகப்பை வேணும்னு போன் பண்ணுனவங்களுக்கெல்லாம் எவனோ ஒரு லாரி டிரைவர் பதில் சொல்லிட்டு இருந்தான். பாவம், கடைசியில அவனே அகப்பை விக்க ஆரம்பிச்சுட்டான்.

இப்படி இருக்கையில அண்ணாச்சிக்கு யாபாரம் மந்தமாப் போச்சு. ஜோசியரைப் போயிப் பாத்தாரு. ஜோசியர் ஜாதகத்தைத் தொடவே இல்ல. போன்ல கடைப் பக்கத்தைத் தொறந்து பாத்தாராம், கண்ணாடியைக் கழட்டிக் கீழ வச்சாராம். மளிகைச் சிட்டைக்குக்கூட மேல பிள்ளையார் சுழி போட்டுத்தானே எழுதுதோம், நாலாயிரம் பக்கத்துல ஒண்ணுலகூட சுழி இல்லாம கடை நடத்துதீரே, எப்படிய்யா வெளங்கும்னு கேட்டிருக்காரு.

மறுநா புதன்கிழமை. காலையில ஒம்பது மணிக்கு அண்ணாச்சி இந்தப் படியேறி வந்தாரு. நான் பேட்டரி மூடியைத் தொறந்துட்டு இருக்கேன். இதோ இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தாரு.

"இசக்கி, பன்னெண்டு மணிக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்கு முன்னால ஒவ்வொரு பக்கத்துலயும் சுழி இருக்கணும். ஒவ்வொண்ணையும் நான் என் கண்ணால பாக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் எல்லாத்தையும் மெட்ராஸ்காரன்ட்ட தூக்கிக் குடுத்துருவேன். நீ கடையைப் பூட்டிட்டு வேற சோலி பாரு."

அவ்வளவுதான். சாரு மொகத்துல ரத்தம் இல்ல. அவர் மொக வெளிச்சத்துல நான் பேட்டரியைப் பாத்துட்டு இருந்தேன், அதுவும் போச்சு.

அஞ்சு பேரும் கையால போட ஆரம்பிச்சாங்க. அரை மணி நேரத்துல இருவது பக்கம். அந்தக் கணக்குல போனா அடுத்த மாசந்தான் முடியும். அதுலயும் ஒருத்தன் சுழியை வலது பக்கம் போடுதான், ஒருத்தி இடது பக்கம் போடுதா, ஒருத்தன் காலுக்குக் கீழ போட்டுட்டு அண்ணாச்சி பாக்குமுன்ன கன்னத்துல போட்டுக்கிடுதான். சாலமோன்னு ஒரு தம்பி, நல்ல பையன், கொஞ்சம் பக்திமான். எல்லாத்துக்கும் முந்திதானே சுழி இருக்கணும்னு, பிஹெச்பின்னு இவங்க புரோகிராம் எழுதுற பாஷை தொடங்குற எடத்துக்கும் முன்னால, பைலோட முத வரியில, முத எடத்துல போட்டுட்டான். நோட்டுல போடுற மாதிரி.

வெனை வந்துட்டு. ஒரு பக்கத்தைத் தொறக்கும்போது அது மூஞ்சியக் காட்டுறதுக்கு முன்னால, வாசல்லயே வாடிக்கையாளர் கையில ரகசியமா ஒரு சீட்டுக் குடுக்கும். நீ இன்னார், உன் பையில இன்ன சாமான் இருக்குன்னு. சுழி முந்திக்கிட்டு வெளிய போயிட்டுன்னா மூஞ்சி தெரிஞ்சிட்டுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் சீட்டுக் குடுக்க முடியாது. தலை ஏற்கெனவே போயிட்டுன்னு சிவப்புல ஒரு ஏச்சு ஏசும் பாருங்க.

ஜெனிபா தலையாட்டுதா. அது மட்டும் நெசம், அந்த எரரை நானே நூறு தடவை வாங்கிருக்கேங்கா. பாத்தீங்களா, நீங்க நம்பாத கதையில அவ குடியிருந்திருக்கா.

சீட்டு இல்லாததால என்ன ஆச்சுன்னா, வாங்க வந்த ஆளுங்களைக் கடை மறந்துட்டு. தென்காசியில ஒருத்தர் ரெண்டு குத்துவிளக்கைப் பையில போட்டு வச்சிருந்தாரு. கடை அவரைப் பாத்து, நீ யாருன்னு கேட்டுச்சு. அவரு பதறிப்போயி வீட்டுக்குள்ள ஓடுனா அவர் பொண்டாட்டியும் நீங்க யாருன்னு கேட்டா. வெத்துக் கதைன்னு சொல்லாதீங்க. அவருக்கு அன்னைக்கு மத்தியானம் சோறு கெடைக்கல, பக்கத்து வீட்டுல சாப்பிட்டாரு.

மணி பத்தே முக்கால். நான் தண்ணிக் கேனைக் கீழ வச்சேன். சார்ட்ட ஒண்ணுதான் கேட்டேன். "சாரே, நாலாயிரம் பேரு ஒரு கல்யாணத்துக்கு வாரான். ஆளுக்கொரு பந்தலா போடுவீரு? ஒரு பந்தல் போட்டா எல்லாரும் வந்து அதுக்குள்ள நிக்க மாட்டானா?"

சார் எழுந்திரிச்சு நாற்காலியை எனக்குக் குடுத்துட்டாரு.

உட்கார்ந்தேன். இங்கிலீஷு படிக்கத் தெரியாது, அதனால எழுத்தைப் பாக்கவே இல்ல, சத்தத்தைக் கேட்டே தட்டுனேன். நாலாயிரம் பக்கத்தோட தலையையும் ஒரே வீச்சுல வெட்டுனேன். கால், பட்டியல், பட்டை எல்லாத்தையும் வெட்டுனேன். மிச்சம் இருந்த முண்டங்கள் எல்லாம் வெறும் பாத்திரத்தோட நின்னுச்சு. அந்த வேகத்துல கீபோர்டு சூடாகி, அடுத்த மேசையில இருந்த பிள்ளை அதுக்கு மேல டம்ளரை வச்சுக் காப்பியைச் சூடு பண்ணிட்டா.

இங்கதான் ஒரு சிக்கல். ஒரு தலையை எடுத்து வைக்கணும்னா எந்தத் தலை? பழைய பெட்டியைத் தொறந்தா உள்ள பதினேழு தலை கெடக்கு. ஒண்ணு பேரு 'தலை புதுசு'. ஒண்ணு 'தலை பைனல்'. ஒண்ணு 'தலை பைனல் ரெண்டு'. ஒண்ணு 'தலை இதுதான் பைனல்'. ஒண்ணு 'சார் சொன்ன பைனல்'. ஒண்ணு 'சார் மாத்திச் சொன்ன பைனல்'. ஜெனிபா, நீ எதுக்கு இப்ப உன் கம்ப்யூட்டரை மூடுத? நான் ஒண்ணும் பாக்கல.

பதினேழையும் வரிசையா நிறுத்துனேன். யாருலே நெசமான பைனல்னு கேட்டேன். பதினேழும் நான் நான்னு கைதூக்குச்சு. நான் பேசாம, இசக்கியப்பன் சார் வாராருன்னு சத்தம் போட்டேன். பதினாறு தலை பயந்து ஓடிட்டு. எது ஓடாம நின்னுச்சோ அதுதான் நெசம். அதை எடுத்தேன். தலைக்கு ஒரு பைல், காலுக்கு ஒண்ணு, பட்டியலுக்கு ஒண்ணு, நல்ல நேரப் பட்டைக்கு ஒண்ணு. நாலையும் ஒரே போல்டர்ல போட்டேன். ஒவ்வொரு பக்கத்துலயும், இன்ன பைலைக் கூட்டிட்டு வான்னு ஒத்தை வரி. பட்டையைக் கூப்பிடுற வரி மட்டும் தலைக்குள்ள. சோலி முடிஞ்சுது.

கூப்பிடுறதுலயும் ரெண்டு வகை இருக்கு, அதையும் சொல்லிருதேன். ஒண்ணு தாய்மாமனைக் கூப்பிடுற மாதிரி. அவர் வரலைன்னா தாலி ஏறாது, மேளம் நின்னுரும், பந்தியில எலையைச் சுருட்டிருவாங்க. இன்னொண்ணு தூரத்துச் சொந்தக்காரரைக் கூப்பிடுற மாதிரி. அவர் வரலைன்னா ஒரு மொனகு மொனகிட்டு மேக்கொண்டு சாப்பிடப் போயிருவாங்க. தலையை நான் தாய்மாமனா வச்சேன். நல்ல நேரப் பட்டையைத் தூரத்துச் சொந்தமா வச்சேன்.

ஜெனிபா சொல்லுதா, தாய்மாமனுக்குப் பேரு ரெக்கொயரு, தூரத்துச் சொந்தத்துக்குப் பேரு இன்க்ளூடுன்னு. பேரு எதுவா இருந்தா என்ன தாயி, மொறை தெரிஞ்சாப் போதும்.

மணி பதினொண்ணேகால். எல்லாம் சரியா வருதுன்னு சார் கைதட்டப் போனாரு. அந்தச் சமயம் பாத்து சாலமோன் தம்பி உதவி செய்யுதேன்னு வந்து, தலை பைலுக்குள்ளயே, தலையைக் கூட்டிட்டு வான்னு ஒரு வரி எழுதிட்டான்.

யோசிச்சுப் பாருங்க. தலை வந்துச்சு. அது உள்ள போயி இன்னொரு தலையைக் கூப்பிட்டுச்சு. அந்தத் தலை இன்னொரு தலையைக் கூப்பிட்டுச்சு. தலைக்கு மேல தலை, தலைக்கு மேல தலை. ஸ்கிரீன்ல எடம் பத்தல. மானிட்டரோட மேல் விளிம்பைத் தாண்டி, இந்தா இந்த ஜன்னல் வழியா வெளிய போச்சு. வண்ணாரப்பேட்டை பாலத்துல பஸ் எல்லாம் நின்னுட்டு. தாமிரபரணிக்கு மேல தலை வரிசையாப் போகுது, ஒவ்வொரு தலையிலயும் அண்ணாச்சி கடைப் பேரும் போன் நம்பரும். அகப்பை நம்பர் இல்ல, நெசமான நம்பர். எருமை மேச்சவன் ஒருத்தன் போற போக்குல ஒரு தலையைப் பிடிச்சு, ரெண்டு இட்லிக் கொப்பரைக்கு ஆர்டர் சொல்லிட்டான். கடைசித் தலை குத்தாலத்து மேகத்துல போயி முட்டி, சித்திரை மாசத்துல அருவி விழுந்துச்சு.

நயினார் வாயில சோத்தை வச்சுக்கிட்டு அப்படியே இருக்காரு. முழுங்கும்வே. சித்திரையில அருவி விழுந்ததை நீரு பாக்கலையா? நீரு அன்னைக்குக் கடையில இருந்தீரு. அது உம்ம கொறை.

எல்லாரும் கம்ப்யூட்டரை ஆப் பண்ண ஓடுனாங்க. நான் ஓடல. கூட்டிட்டு வான்னு எழுதுன எடத்துல எல்லாம், ஒரு தடவைதான்னு சேத்து எழுதுனேன். பந்தியில ஒரே ஆளு மூணாவது தடவை வந்து உட்கார்ந்தா, நீரு முன்னாலயே சாப்பிட்டாச்சுன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி. குத்தாலத்துல இருந்து தலை ஒவ்வொண்ணா கீழ எறங்கி, வந்த வழியே திரும்பி வந்து, ஜன்னல்ல தட்டி மன்னிப்புக் கேட்டுட்டு உள்ள போச்சு. சாலமோன் எழுதுன வரியை அப்புறம் அழிச்சேன். அவனை ஏசல. பேட்டரிக்குப் பக்கத்துல உட்கார வச்சு, ஒண்ணையும் தொடாதேன்னு மட்டும் சொன்னேன்.

மணி பதினொண்ணு அம்பத்தி ரெண்டு. தலை பைலைத் தொறந்தேன். சுழியை எங்க போடணும்? சீட்டுக் குடுத்து முடிச்ச பெறவு, மூஞ்சி தொடங்குற முத எடத்துல. அங்க போட்டேன். ஒரே ஒரு சுழி.

நாலாயிரம் பக்கத்துலயும் வந்துட்டு.

அதோட நின்னுச்சான்னா நிக்கல. அம்புட்டு இழுவை அந்த ஒத்தைப் பைலுக்கு. கடையில அடுக்கி வச்சிருந்த எவர்சில்வர் குடத்துல எல்லாம் சுழி விழுந்துட்டு. தூக்குவாளி மூடிக் குமிழ்ல சுழி. ஜங்ஷன் ஓட்டல்ல மாஸ்டர் தோசை ஊத்துனா தோசை மாவு தானா சுழிச்சுக்கிட்டுப் போயி பிள்ளையார் சுழியா நிக்கி. பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிச்சா அதுல சுழி. கோர்ட்டுல ஒரு வக்கீல் எதிர்க்கட்சிக்காரன் நோட்டீஸைப் பிரிச்சா மேல சுழி, அவருக்குக் கையெடுத்துக் கும்பிடுறதா வழக்குப் போடுறதான்னு தெரியல. நயினாரே, அன்னைக்கு உம்ம ஜெராக்ஸ் மிஷின்ல எல்லாத் தாளும் மேல ஒரு கறையோட வந்துச்சே, டோனர் போயிட்டுன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டீரே, அது என்னன்னு நெனைச்சீரு?

மிஷின் பழசு, அதான் கறைங்காரு. சரி, அப்படியே வச்சுக்கிடும்.

இப்ப எல்லாம் முடிஞ்சுதுன்னு நீங்க நெனைப்பீங்க. அங்கதான் ஆபத்தே. அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தாரு. ஒவ்வொண்ணையும் என் கண்ணால பாக்கணும்னு சொன்னேன்லான்னாரு. சார் கெஞ்சுதாரு, அண்ணாச்சி, ஒரு பக்கம் பாத்தா நாலாயிரமும் பாத்த மாதிரி, எல்லாத்துக்கும் ஒரே தலைதான்னு. அண்ணாச்சி கேக்கவே இல்ல. நாலாயிரம் குடம் வாங்கும்போது ஒரு குடத்தைத் தட்டிப் பாத்துட்டு மிச்சத்தை வண்டியில ஏத்துவியான்னு கேட்டாரு.

பாக்க ஆரம்பிச்சாரு. பக்கம் ஒண்ணு, சுழி இருக்கு. பக்கம் ரெண்டு, சுழி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கும்பிடு வேற. மணி பதினொண்ணு அம்பத்தி எட்டு. முப்பத்தாறாவது பக்கத்துல இருக்காரு, தூக்குவாளி மூடி. இன்னும் மூவாயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுவத்தி நாலு பக்கம் பாக்கி. ராகு காலம் ரெண்டு நிமிசத்துல. அதுக்குள்ள பாத்து முடிக்கலைன்னா வேலை பூராவும் மெட்ராஸுக்கு. அஞ்சு பேரும் பையை எடுத்து மடியில வச்சுட்டாங்க. அந்தப் பிள்ளை சூடு பண்ணுன காப்பியைக் குடிக்காம வச்சுட்டு அழுதுட்டு இருக்கு.

நான் என்ன செஞ்சேன்? சுழியை விட்டுட்டேன். நேரா நல்ல நேரப் பட்டைக்குப் போனேன். அந்தப் பட்டையிலதானே ராகு காலம் இருக்கு. எல்லாப் பக்கமும் அதை ஒத்தை வரியிலதானே கூப்பிடுது. அந்த வரியையும் நான் தலை பைலுக்குள்ளதான் வச்சிருந்தேன், ஒரே எடத்துல. அந்த வரிக்கு முன்னால ரெண்டு சாய்ஞ்ச கோடு போட்டேன். பிஹெச்பியில ரெண்டு சாய்ஞ்ச கோடு போட்டா அதுக்குப் பின்னால இருக்க வரி வாயைப் பொத்திக்கிடும். அழியாது, ஆனா ஒண்ணும் செய்யாது.

பன்னெண்டு அடிச்சுது. ராகு காலம் வரல.

சுவத்துல இருந்த காலண்டர்ல அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையாப் போச்சு. ஜோசியர் வீட்டுப் பஞ்சாங்கத்துல அந்த வரியில பூச்சி அரிச்ச மாதிரி ஓட்டை. பாளையங்கோட்டை பூராவும் சனம் வெளிய வந்து பாக்கு, என்னடா இது பன்னெண்டரை ஆச்சு, நல்ல நேரமாவே இருக்கேன்னு. ரெண்டு கல்யாணப் பேச்சு முடிஞ்சுது, ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுனாங்க. அண்ணாச்சி அவசரப்படல. நடுவுல சாப்பிட்டாரு, கொஞ்சம் கண்ணசந்தாரு, சாயங்காலம் ஆறு மணிக்கு நாலாயிரத்தாவது பக்கத்துல கும்பிட்டு எழுந்திரிச்சாரு. சரி இசக்கி, வேலையை நீயே பாருன்னு சொல்லிட்டுப் படியிறங்கிப் போயிட்டாரு. அஞ்சு பேரும் பையைக் கீழ வச்சாங்க.

ஜெனிபா கேக்கா, மாமா, வரியை மறைச்சீங்க சரி, வரவேண்டிய ராகு காலம் எங்க போச்சுன்னு. நல்ல கேள்வி. படிச்சவ படிச்சவதான். ஒண்ணரை மணி நேரம் தாயி, சும்மா போயிருமா? அது பன்னெண்டுக்கே சரியா வந்து, உள்ள கூப்பிட யாரும் இல்லாம, இந்தா இந்தப் படியில உட்கார்ந்து மொனகிட்டு இருந்துச்சு. ஆறு மணிக்கு நான் கேனைத் தூக்கிட்டு எறங்கும்போதும் அங்கதான் இருந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதுக்கும் ஒரு எடம் பாத்துக் குடுத்தேன்.

எந்த எடம்னு சொல்லுறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அந்த அண்ணாச்சி கடை மேல அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் கெடையாது.

என்ன நயினாரே? சோத்தை முழுங்கிட்டுச் சொல்லும், எல்லாருக்கும் கேக்கட்டும்.

"சுத்தப் புளுகு. நானே அந்தக் கடையில வாங்குன குக்கருக்கு மூடி சேரலைன்னு ரெண்டு வருசமா புகார் எழுதணும்னு இருக்கேன்வே. எப்ப அந்தப் புகார்ப் பக்கத்தைத் தொறந்தாலும் ராகு காலம் நடக்குன்னு போட்டிருக்கு. நேரங்கெட்ட நேரத்துல எப்படித் தொடங்க, நாளைக்கு எழுதுவோம்னு மூடி வச்சிருதேன்."

அதேதான். அந்த ஒண்ணரை மணி நேரத்தைக் கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்து, புகார்ப் பக்கத்துல மட்டும் ஒத்தை வரி எழுதி உள்ள உட்கார வச்சுட்டு, கேனைத் தூக்கிட்டு அடுத்த ஆபீஸுக்குப் போனேன்.